நங்கூரத்தின் சிரிப்பு

சிவப்பு விளக்கு எரியும்போது ரெக்கார்டிங் அறைக் கதவைத் திறந்தவர்களை அந்த ஸ்டுடியோ மன்னித்ததாகச் சரித்திரம் இல்லை. கமாவுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் தோளால் இடித்துத் திறந்தாள்.

மைக் முன்னால் நின்ற கட்டையண்ணன் பாதி வசனத்தில் திறந்த வாயை மூட மறந்துபோனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார். காலையிலிருந்து உருப்படியாக வந்துகொண்டிருந்த ஒரே டேக் அது.

“நிறுத்துங்க,” என்றாள் கமா. லிஃப்ட் வழக்கம்போல் படுத்துவிட்டதால் மாடிப்படி முழுக்க ஓடி வந்திருந்தாள். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது. “தப்பு பண்ணிட்டோம். இன்னிக்கு இல்ல. முதல் எபிசோடுலேர்ந்து.”

வெளிநாட்டு அனிமே தொடர்களுக்குத் தமிழில் வசனம் எழுதுவது அவள் வேலை. எந்த இடத்தில் மூச்சு எடுக்க வேண்டும் என்று வரிக்கு வரி கமா போட்டுக் கொடுப்பாள். போடாத இடத்தில் மூச்சு எடுத்தால் சண்டைக்கு வருவாள். அதனால் அந்தப் பெயர். அவளுடைய சொந்தப் பெயரை வாட்ச்மேன்கூட மறந்துவிட்டான்.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது கடற்கொள்ளையர் தொடர். அதன் வில்லன் கேப்டன் நங்கூரம். விசித்திரமான ஆள். எந்தக் கப்பலைப் பிடித்தாலும் பொன்னையும் பெட்டியையும் தொடமாட்டான். முதல் வேலையாக நங்கூரக் கயிற்றை வெட்டுவான். கப்பல் அலைக்கழிந்து போய்ப் பாறையில் மோதும். அதைக் கரையில் நின்று பார்ப்பான். ஏன் இப்படி என்று இதுவரை யாருக்கும் தெரியாது. அந்த ஏன்தான் இன்றைய எபிசோடு. வாரம் முழுக்க சேனலில் அதே விளம்பரம்: நங்கூரம் ஏன் இப்படி ஆனான்? சாயங்காலம் ஒளிபரப்பு. இன்னும் பாதி வேலை முடியவில்லை.

முடியாததற்குக் காரணம் ஸ்டுடியோ இல்லை. கதை கசிந்துவிடும் என்ற பயத்தில் தயாரிப்புக் கம்பெனி படத்தைக் கறுப்பாக மறைத்து, பேசுகிறவர்களின் உதடுகளை மட்டும் தெரியவிட்டு அனுப்பியிருந்தது. அதுவரை வசனத்தைத் துண்டு துண்டாகத் தந்துவிட்டு, முழு ஸ்கிரிப்டை இன்று காலைதான் அனுப்பியது. வீட்டில் உட்கார்ந்து அதைப் படித்த கமா, பால் வைத்த அடுப்பைக்கூட அணைக்காமல் கிளம்பிவிட்டாள்.

கண்ணாடி அறையில் அவள் ஸ்கிரிப்டை மேஜை மேல் போட்டாள். டைரக்டர், ஒலிப்பதிவாளர் சவுண்டு, நங்கூரத்துக்குக் குரல் கொடுக்கும் கட்டையண்ணன் மூவரும் சூழ்ந்துகொண்டார்கள். மைக்கில் இரைச்சல் விழும் என்பதால் ஏசியை நிறுத்தியிருந்தார்கள். எல்லாருடைய சட்டையும் முதுகில் ஒட்டியிருந்தது.

நங்கூரத்துக்கு ஒரு தம்பி இருந்தான் என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். தம்பி முத்துக் குளிக்கிறவன். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவான். கயிற்றின் மறுமுனையைப் படகிலிருந்து பிடித்துக்கொண்டிருப்பது அண்ணன். ஒருநாள் பக்கத்தில் ஒரு பெரிய கப்பல் வந்து நின்று நங்கூரம் இறக்கியது. அந்த நங்கூரக் கயிறு தம்பியின் கயிற்றோடு பின்னிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. நங்கூரத்தைத் தூக்கும் உருளையும் அந்த நேரம் பார்த்து இறுகிக்கொண்டது. உங்கள் கயிற்றை வெட்டுங்கள் என்று அண்ணன் கப்பலைப் பார்த்துக் கெஞ்சினான். மேலே நின்ற கேப்டன் எட்டிப் பார்த்தார். புது நங்கூரம், வெட்ட முடியாது என்றுவிட்டுப் போனார்.

“அப்புறம்?” என்றார் டைரக்டர்.

“அப்புறம் என்ன. படகுல குப்புறப் படுத்துத் தண்ணிக்குள்ள பார்த்து ‘மேல வாடா, மேல வாடா’ன்னு கத்தறான். குரல் போயிடுது. ஆனா உதடு நிக்கல சார். அன்னிக்கு ஆரம்பிச்ச உதடு, இன்னிக்கு வரைக்கும் நிக்கல.”

சவுண்டு நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்தான். அவனுக்குத்தான் முதலில் புரிந்தது.

நங்கூரம் எதைப் பேசி முடித்தாலும், பேச்சு நின்ற பிறகும் உதடு கொஞ்ச நேரம் அசையும். முதல் எபிசோடிலிருந்தே அப்படி. மூலத்தில் அங்கே காற்றுப் போல ஒரு முணுமுணுப்பு, அவ்வளவுதான். அது என்ன என்று கமா கேட்டு எழுதியதற்கு, பின்னால் தெரியவரும் என்று கம்பெனி பதில் போட்டது. டப்பிங்கில் ஒரு சட்டம் உண்டு: வாய் அசைந்தால் சத்தம் வேண்டும். இல்லையென்றால் டிவி கெட்டுவிட்டது என்று ஜனங்கள் தட்டிப் பார்ப்பார்கள். அதனால் தமிழில் அந்த இடத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது.

அந்தச் சிரிப்பை இப்போது தெரியாதவர்கள் கிடையாது. தொண்டையடியில் கரகரவென்று கிளம்பி, நடுவில் மூச்சுத் தட்டி, கடைசியில் கீச்சென்று உடையும். ஸ்கூல் வேனில் பிள்ளைகள் சிரித்துக் காட்டும். பாதிப் பேர் போனில் அதுதான் ரிங்டோன். ஹீரோ பையனின் பெயர் தெரியாதவர்களுக்கும் நங்கூரத்தின் சிரிப்பு தெரியும்.

“அப்போ அவன் சிரிக்கவே இல்லையா?” டைரக்டரின் குரல் இறங்கியிருந்தது.

“ஒரு தடவைகூட இல்ல.”

“நாம?”

“செத்துப்போன தம்பியை அவன் கூப்பிடற இடத்துல எல்லாம் சிரிச்சு வெச்சிருக்கோம்.”

கட்டையண்ணன் விலகிப் போய்த் தண்ணீர் குடித்தார். குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

டைரக்டர் சேனலுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்பது அவர் முகத்திலேயே ஓடியது. சிரிப்பை எடுக்கக் கூடாது. இன்றைய எபிசோடில் சிரிப்பு கண்டிப்பாக வேண்டும். சிரிப்பு இல்லாத நங்கூரம் எங்களுக்கு எதற்கு என்று சேனல்காரர் கேட்டாராம். கதையே வேறு என்று டைரக்டர் விளக்கப் பார்த்ததற்கு, கதையை யார் சார் பார்க்கிறார்கள் என்று போனை வைத்துவிட்டாராம்.

டைரக்டர் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். இந்தத் தொடருக்கு அவர் நடுவில் வந்து சேர்ந்தவர். யாரோ கட்டிய வீட்டில் ஒழுகும் கூரைக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று தனக்குள் திட்டிக்கொண்டே நடந்தவர், சட்டென்று நின்றார்.

வழி கிடைத்துவிட்டது. சிரிப்பை எடுக்க வேண்டாம். அது எங்கே பிறந்தது என்று காட்டிவிடலாம். படகில் கிடந்து ‘மேல வாடா’ என்று கத்துகிறான் அல்லவா, அந்தக் கூப்பாடு கத்தலிலேயே உடைந்து சிரிப்பாக மாறட்டும். புத்தி பிசகிய சிரிப்பு. அன்று பிடித்தது, இன்றுவரை விடவில்லை. இதுவரை சிரித்ததெல்லாம் தப்பில்லை என்றும் ஆகிவிடும், சேனல்காரருக்குச் சிரிப்பும் கிடைத்துவிடும்.

கமா யோசித்தாள். பிடிக்கவில்லை. ஆனாலும் அதைவிட நல்ல வழி அவளிடம் இல்லை. ஒரே மூச்சாக வர வேண்டும், நடுவில் கமா போட மாட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

“கட்டையண்ணே, வாங்க,” என்றார் டைரக்டர் உற்சாகமாக. “உங்களுக்கு இது ஜுஜுபி.”

கட்டையண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். “சிரிப்பு வேண்டாமே,” என்றார்.

ஒரு காலத்தில் அவர் ஹீரோக்களுக்குப் பேசியவர். தொண்டை கட்டிப் போய், குரல் தடித்து, கட்டைக்குரல் என்று பெயர் வந்த பிறகு கூட்டத்தில் கத்தும் நாலாவது ஆள், கதவுக்கு வெளியே நிற்கும் போலீஸ் என்று ஒதுங்கிப்போனார். பற்பசை விளம்பரத்தில் பல்வலியாகவே பேசியிருக்கிறார். அந்த நேரத்தில் வந்து சேர்ந்தவன்தான் நங்கூரம். அவனை விட்டால் அவருக்குத் திரும்பவும் பல்வலிதான்.

ஸ்டுடியோவில் அவரைப் பற்றி ஒரு முணுமுணுப்பு உண்டு. தெருவில் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டு சிரித்துக் காட்டச் சொன்னால் காட்டமாட்டார். விழாக்களில் கேட்டால் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ரெக்கார்டிங்கில்கூட, சிரிப்பு வரும் இடத்தில் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்வார். பழைய சிரிப்பையே சவுண்டு வெட்டி ஒட்டிவிடுவான். தொடரின் முதல் நாளிலேயே பாதியில் எழுந்து போனவர் அவர் என்று வாட்ச்மேன் அறையில் இன்னும் பேச்சு. தலைக்கனம் என்று எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். சவுண்டு மட்டும் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் ஏதாவது ஒயரை எடுத்துத் துடைத்துக்கொண்டிருப்பான்.

சிவப்பு விளக்கு எரிந்தது. மறைக்காத படமும் இதற்குள் வந்துசேர்ந்துவிட்டதால் திரையில் இப்போது கறுப்பு இல்லை. படகு, கயிறு, இளவட்ட நங்கூரம் எல்லாம் தெரிந்தன.

“மேல வாடா...” என்றார் கட்டையண்ணன்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கமாவுக்குக் கையில் முடி சிலிர்த்தது. அதட்டலும் கெஞ்சலும் ஒன்றாகக் கலந்த குரல். அடுத்த ‘மேல வாடா’வில் அதட்டல் குறைந்தது. அதற்கடுத்ததில் கெஞ்சல் மட்டும் இருந்தது. இனி சிரிப்பாக உடைய வேண்டும். உடையவில்லை. கட்டையண்ணன் வாயைத் திறந்தபடியே நின்றார். தொண்டையில் ஒரு கரகரப்பு வந்தது. நின்றுவிட்டது.

“சாரி. இன்னொண்ணு,” என்றார்.

இன்னொன்றும் போனது. அதற்கடுத்ததும். ஒருமுறை சிரிப்பு என்று ஏதோ வந்தது. கல்யாண வீட்டில் சம்பந்தி சிரிக்கிற மாதிரி இருந்தது. டைரக்டர் முதலில் ஊக்கம் கொடுத்தார், பிறகு விளக்கிப் பார்த்தார், பிறகு பேனாவை மேஜையில் தட்ட ஆரம்பித்தார். கூப்பிடுவது மட்டும் எப்படி அவ்வளவு நன்றாக வருகிறது என்று எரிச்சலோடு கேட்டார்.

“அது எங்கக்கா என்னைக் கூப்பிடற மாதிரி சார்,” என்றார் கட்டையண்ணன், நெற்றியைத் துடைத்துக்கொண்டே. “சின்ன வயசுல மொட்டை மாடியில பட்டம் விட்டுக்கிட்டிருப்பேன். கீழ வாடா, கீழ வாடான்னு தெருவே கேக்கற மாதிரி கூப்பிடும். எங்களுக்கு அம்மா இல்ல. அதுதான் எல்லாம்.”

“சரி, அக்கா சிரிக்க மாட்டாங்களா?” என்றார் டைரக்டர். பொறுமை போய்விட்டது. “உங்க சிரிப்புண்ணே அது. உங்க தொண்டையிலேர்ந்து வந்தது. திரும்ப வரலைன்னா என்ன அர்த்தம்?”

சவுண்டு ஒரு ஒயரை எடுத்துத் துடைத்தான்.

டைரக்டர் இரண்டாவது போனைப் போட்டார். இது மிமிக்ரிக்கு. நங்கூரத்தின் சிரிப்பைச் சிரித்தே மேடை மேடையாகப் பரிசு வாங்கிய இளைஞன். பக்கத்துத் தெருவில் ஏதோ விளம்பரத்துக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தவன், பைக்கை ஸ்டாண்டு போடக்கூட நேரம் எடுத்துக்கொள்ளாமல் வந்து நின்றான். கட்டையண்ணனைப் பார்த்ததும் சங்கடப்பட்டான். குனிந்து காலைத் தொடப் போனான். அவர் தடுத்துவிட்டார்.

டைரக்டர் ஒளிக்காமல் சொன்னார். இது நங்கூரத்தின் சரித்திரம். இந்த சீனை யார் பேசுகிறார்களோ, தொடர் முடியும்வரை அவர்தான் நங்கூரம். குரல் மாறி மாறி வந்தால் ஜனங்கள் செருப்பால் அடிப்பார்கள். கட்டையண்ணனுக்குக் கடைசியாக ஒரு டேக், வராவிட்டால் மிமிக்ரி.

கடைசி டேக்கும் கரகரப்போடு நின்றது.

மிமிக்ரி உள்ளே போனான். கட்டையண்ணன் கண்ணாடி அறைக்கு வந்து, ஓரத்தில் கிடந்த ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்தார். கமா அவர் கையில் ஒரு டீயைக் கொடுத்தாள். அவர் அதைக் குடிக்கவில்லை. “விடு கமா, பல்வலிக்கு நல்ல எதிர்காலம் இருக்கு,” என்றார். அவளால் சிரிக்க முடியவில்லை.

மிமிக்ரி முதல் டேக்கிலேயே அடித்துவிட்டான். கூப்பிட்டான், உடைந்தான், சிரித்தான். சிரிப்பு அச்சு அசல். கரகரப்பு, மூச்சுத் தட்டல், கீச்சு எல்லாம் அதனதன் இடத்தில். டைரக்டர் திருப்பிப் போட்டுப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அவர் முகம் மலரவில்லை. மறுபடி போட்டார்.

“என்னமோ இடிக்குது,” என்றார்.

“தம்பி செத்ததுக்கு ஜோக் சொன்ன மாதிரி இருக்கு,” என்றாள் கமா. மனதில் பட்டதைச் சொல்வதற்கும் அவள் கமா போடமாட்டாள்.

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த மிமிக்ரிக்கும் முகம் சுருங்கியது. இன்னொன்று தருகிறேன் என்றான். தந்தான். அதே அச்சு, அதே இடிப்பு. டைரக்டர் எழுந்தார், உட்கார்ந்தார். மணியைப் பார்த்தார். சேனலிலிருந்து போன் அடித்தது. எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தது.

“போதும். இதையே வெச்சுக்கலாம்,” என்றார் சலித்துப்போய். “ஜனங்க ஒண்ணும் பூதக்கண்ணாடி வெச்சுப் பார்க்கப் போறதில்ல. சவுண்டு, லாக் பண்ணு.”

சவுண்டு லாக் பண்ணவில்லை. அவன் விரல்கள் வேறு எதையோ செய்துகொண்டிருந்தன. கட்டையண்ணன் சற்று முன் தந்த கூப்பாட்டை எடுத்தான். கடைசி ‘மேல வாடா’வின் வாலில் வெட்டினான். முதல் எபிசோடின் பழைய சிரிப்பை இழுத்து வந்து அங்கே வைத்தான். பேச்சு முடிந்த பிறகு பழைய சிரிப்பை ஒட்டுவது வேறு; ஒரே மூச்சின் நடுவில், இத்தனை காலம் கழித்து எடுத்த குரலோடு அதை ஒட்டினால் ஒட்டுப் போட்ட சட்டை மாதிரித் தெரியும். தொழில் தெரிந்தவன் செய்யமாட்டான். அவன் செய்தான்.

ஓடவிட்டான்.

படகில் இளைஞன் குப்புறக் கிடந்தான். மேல வாடா. மேல வாடா. மேல வாடா. அப்புறம் அந்தச் சிரிப்பு.

ஒட்டுத் தெரியவில்லை. உதட்டுக்கு அச்சாக உட்கார்ந்தது. சிரிப்பாகவும் இல்லை. இரண்டு வருஷமாக ரிங்டோனில் கேட்ட அதே சத்தம்தான், ஒரு நூல்கூட மாறவில்லை. ஆனால் அந்தப் படகில், அந்தக் கயிற்றுக்குப் பக்கத்தில் கேட்டபோது கமா தன்னை அறியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மிமிக்ரி ரெக்கார்டிங் அறையிலிருந்து வெளியே வந்தான். கையில் ஹெட்போன். யாரும் ஒன்றும் சொல்வதற்கு முன்னால் அதைக் கட்டையண்ணன் மடியில் வைத்தான். “நான் இதைக் காப்பியடிச்சேன் சார். இது என்னன்னு தெரியாமலே காப்பியடிச்சிருக்கேன்,” என்றான்.

டைரக்டர் சவுண்டைப் பார்த்தார். சவுண்டு திரையைப் பார்த்தான். டைரக்டர் கட்டையண்ணன் பக்கம் திரும்பினார். கோபம் வடிந்து, குழப்பம் மட்டும் மிச்சமிருந்தது.

“சரிண்ணே. நங்கூரம் நீங்கதான், அதுல பேச்சே இல்ல. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்தக் கதை அன்னிக்கு யாருக்கும் தெரியாது. தம்பி தெரியாது, படகு தெரியாது. அப்போ இந்தச் சத்தத்தை எங்கேர்ந்து கொண்டு வந்தீங்க?”

கட்டையண்ணன் ஹெட்போனைக் கையில் எடுத்தார். வழக்கம்போல் கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை. அதன் பஞ்சை விரலால் தடவினார்.

“வெட்டாதது வெச்சிருக்கியா?” என்றார், சவுண்டைப் பார்த்து.

“இருக்குண்ணே.”

“போடு.”

“வேண்டாம்ணே.”

“போடுறா. நாமளே எத்தனை நாளைக்குக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கறது?”

சவுண்டு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். முதல் நாளின் வெட்டாத பதிவைத் தேடி எடுத்தான். பொத்தானை அழுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

முதலில் காகிதம் புரளும் சத்தம். கட்டையண்ணன் தொண்டையைச் செருமினார். பிறகு நங்கூரம் முதன்முதலாகத் தமிழில் பேசினான்: “உன் கப்பல் உனக்கே. கயிறு மட்டும் எனக்கு.”

க்ளிக் என்று ஒரு சத்தம். கண்ணாடி அறையிலிருந்து ஹெட்போனுக்குப் பேசும் பொத்தானின் சத்தம். தொடர்ந்து, ஹெட்போனிலிருந்து கசிந்து மைக்கில் விழுந்த ஒரு சின்னக் குரல். கிணற்றின் அடியிலிருந்து வருவது மாதிரி இருந்தது. சவுண்டின் குரல்.

“அண்ணே, டேக் ஓடுது, இருந்தாலும் சொல்லிடறேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து போன். உங்கக்கா... போயிட்டாங்களாம்ணே.”

ஒரு மூச்சு உள்ளே போவது கேட்டது.

அடுத்து, தெருப் பிள்ளைகள் எல்லாம் சிரித்துக் காட்டும் அந்தச் சிரிப்பு வந்தது.